கோபம் பூஜ்யம், செபமாலை ஐந்து: ஒரு குழு சிகிச்சையின் நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு விளக்கம். இங்கே வருவது ஒரே ஒரு குழுவின் கதை அல்ல. கத்தோலிக்கர்களுக்கென்று நடத்திய சில குழுக்களில் திரும்பத் திரும்பக் கண்டதை ஒரு குழுவாகக் கோத்து, வயது, தொழில், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பேச்சுகளும் அப்படி மாற்றி எழுதியவையே. குழுவில் பேசியது குழுவோடு இருக்கும் என்று கையெழுத்து வாங்கிவிட்டு, பெயரை மட்டும் நீக்கி ஊருக்குச் சொல்வது முறையாகாது.

முறையும் குழுவும்

நாங்கள் எடுத்துக்கொண்டது டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. தற்கொலை முயற்சியிலும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதிலும் மீண்டும் மீண்டும் சிக்கிய பெண்களிடம் முதலில் சோதித்து, 1991இல் முடிவுகளை வெளியிட்டார். 1993இல் கையேடு வந்தது. இன்று உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் போகும் பலவகைச் சிக்கல்களுக்கும் இதன் திறன் பயிற்சியைப் பயன்படுத்துகிறார்கள். பயிற்சிக்கு நான்கு பகுதிகள்: மனவிழிப்பு, உளைச்சலைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவுகளில் திறம்பட நடந்துகொள்ளுதல். வாரம் ஒருமுறை கூடினால் முழுச் சுற்று முடிய சுமார் 24 வாரம் ஆகும். அதே அளவில்தான் இந்தக் குழுவும் நடந்தது.

வந்தவர்கள் ஏழு பேர். நாற்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை, துறவற சபையைச் சேர்ந்த ஒரு சிஸ்டர், மனைவியை இழந்த பெரியவர், கல்லூரி மாணவர், உணவுக் கோளாறிலிருந்து மீண்டுவரும் இளம்பெண், இன்னும் இருவர். அந்த இருவரில் ஒருவர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டார்: "செபக் கூட்டம்னு நினைச்சு வந்தேன், இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு." அவர் சொன்னது சரிதான். திறன் பயிற்சி என்பது வகுப்புதான், வீட்டுப்பாடமும் உண்டு.

தனிக் குழு எதற்கு என்று சக ஆலோசகர்கள் கேட்பார்கள். பொதுக் குழுவில் கத்தோலிக்கர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய்ச் செய்ய மாட்டார்கள். ஏன் என்று தோண்டினால் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கும்: கோபப்படுவதே பாவம், துக்கப்படுவது விசுவாசக் குறைவு, தனக்கென்று கேட்பது சுயநலம். அந்தத் தடையைப் பேசாமல் திறனை மட்டும் கற்றுக்கொடுத்துப் பயனில்லை. அதைப் பேசுவதற்கு ஆலோசகருக்கும் கொஞ்சம் மறைக்கல்வி தெரிந்திருக்க வேண்டும்.

சேர்க்கை நேர்காணலில் எழும் ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்டால் பலர் சொல்லும் பதில்: "அது சாவான பாவம், நான் செய்ய மாட்டேன்." கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு. செய்ய மாட்டார் என்பது ஆறுதலான செய்திதான். எண்ணம் வருகிறதா என்பது இன்னும் தெரியவில்லை. "செய்ய மாட்டீங்கன்னு புரியுது. எண்ணம் வந்து போகுதா?" என்று மறுபடி கேட்க வேண்டும். மாணவரிடம் அப்படிக் கேட்டபோதுதான் அவர் தலை குனிந்தார். கடுமையான மனக் கலக்கமும் வேதனையும் அச்சமும் தற்கொலையில் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2282ஆம் பத்தி சொல்கிறது; அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது அடுத்த பத்தி. எண்ணம் வந்ததற்கே தன்னை நரகத்துக்குரியவனாக நினைத்துக்கொண்டிருந்த அந்த மாணவருக்கு அதைப் படித்துக் காட்டியதில் வாய் திறந்தது. அதன் பிறகே பாதுகாப்புத் திட்டம் எழுத முடிந்தது. தனி ஆலோசகர் ஒருவரிடமும் அவர் தொடர்ந்து போக வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் எழுந்த இரண்டு சந்தேகங்கள்

மனவிழிப்புப் பயிற்சி ஜென் பௌத்தத்திலிருந்து வந்தது, கத்தோலிக்கர் செய்யலாமா என்றார் பெரியவர். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. லினஹன் ஜென் பயின்றவர், அதன் தடயம் முறையில் இருக்கிறது. அதே லினஹன் கத்தோலிக்கராக வளர்ந்தவர். இளவயதில் தானே மனநல மருத்துவமனையில் நீண்ட காலம் இருந்தவர். 1967இல் சிக்காகோவில் ஒரு சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது தன்னைத் தானே நேசிக்க முடிந்த அனுபவம் கிடைத்ததாக 2011இல் பொதுவெளியில் சொன்னார். கிறிஸ்தவத் தியானம் பற்றி வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989இல் எழுதிய மடல், பிற சமய வழிமுறைகளில் பயனுள்ளதை ஏற்கலாம், கிறிஸ்தவ செபத்தின் இயல்பு மறைந்துவிடக் கூடாது என்கிறது. நாங்கள் எளிதான வழியைப் பிடித்தோம். மனவிழிப்பைச் செபம் என்று அழைக்கவே இல்லை. அது கவனப் பயிற்சி. செபம் வேறு.

இரண்டாவது, கோபம். தலையான பாவங்கள் ஏழில் கோபமும் ஒன்று என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் ஆனது. அதே மறைக்கல்வி நூலின் 1767ஆம் பத்தி, மன எழுச்சிகள் தம்மளவில் நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல, அறிவும் விருப்பமும் அவற்றில் எப்படி ஈடுபடுகின்றன என்பதே கணக்கு என்கிறது. இறையியலாளர் தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப் பதினொரு எழுச்சிகளைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார். சிஸ்டர் மாற்கு நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, ஓய்வுநாளில் கை சூம்பியவரைக் குணமாக்கும் முன் இயேசு சுற்றிலும் இருந்தவர்களைக் கோபத்தோடு பார்த்த வரியைப் படித்தார். ஆசிரியை உடனே, "அவர் கடவுள், அவருக்குச் சரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதுதான் அவரது மொத்தச் சிக்கல்.

ஆசிரியையின் அட்டை

டிபிடியில் ஒவ்வொருவரும் நாட்குறிப்பு அட்டை நிரப்புவார்கள். எந்த உணர்ச்சி எவ்வளவு என்று பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண், எந்தத் திறனைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குக் குறி. அட்டையில் 'செபம்' என்று ஒரு கட்டமும் சேர்த்திருந்தோம். இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தாங்க முடியாத நேரத்தைத் தாங்கத்தக்கதாக ஆக்க லினஹன் தரும் ஏழு வழிகளில் செபமும் ஒன்று.

ஆசிரியையின் அட்டை வாரா வாரம் ஒரே மாதிரி வந்தது. கோபம் பூஜ்யம். செபம் ஐந்து. அந்த வாரங்களில்தான் மகனை அடித்துவிட்டு, இரவெல்லாம் அழுது, மறுநாள் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறார். ஒரு நாள் வெள்ளைப் பலகையில் அந்தச் சம்பவத்தைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் பிரித்தோம். டிபிடியில் இதைச் சங்கிலிப் பகுப்பாய்வு என்போம்.

மகனை அடித்தது இரவு பத்து மணி. அதற்கு முன்?

"செபமாலை சொல்லிட்டிருந்தேன். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்."

அதற்கு முன்?

"செபமாலைதான். ஏழரையிலேர்ந்து."

இரண்டரை மணி நேரமா? ஒரு செபமாலை இருபது நிமிடத்தில் முடியுமே. குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: பராக்கு வந்தால், செபமாலையில் அப்போது உருட்டிக்கொண்டிருந்த பத்து மணிகளையும் முதலிலிருந்து தொடங்குவாராம். அன்று பராக்கு விடவே இல்லை. ஏழு இருபதுக்கு அண்ணன் போன் செய்து, அம்மாவைப் பார்த்துக்கொள்வது பற்றி ஏளனமாக ஏதோ சொல்லியிருக்கிறார். போனை வைத்தபோது முகம் சூடானது, தாடை இறுகியது, கை நடுங்கியது.

"அப்ப என்ன உணர்ச்சி, டீச்சர்?" என்று கேட்டது மாணவர்.

"உணர்ச்சி எதுவும் இல்ல தம்பி. செபத்துக்குப் போயிட்டேன்."

அந்தப் பதிலையும் பலகையில் அப்படியே எழுதினோம். சூடு, தாடை, கை, பிறகு செபமாலை, திரும்பவும் தொடக்கம், திரும்பவும் தொடக்கம், டிவி சத்தம், அடி, அழுகை, மறுநாள் காலை குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். அங்கே அவர் சொன்னது மகனை அடித்ததை மட்டும். அண்ணன் வரவே இல்லை. பலகையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "அப்ப நான் மாதாகிட்டப் போகலையா, அண்ணன்கிட்டேர்ந்து ஓடினேனா?"

பதில் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். செபத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் எது எவ்வளவு என்று தெரியும். செபித்த பிறகு அண்ணனோடு பேச வேண்டியதை நோக்கி ஓர் அடியாவது எடுத்து வைக்க முடிந்தால் அது திறனாக வேலை செய்தது. செபித்த பிறகு கோபம் அடியில் கொதித்து, கிடைத்த ஆள் மேல் கொட்டினால் அது தவிர்ப்பு. செபமாலையின் தரத்தை அளக்க எனக்குத் தகுதி இல்லை. அடுத்த பத்து நிமிடத்தை அளக்க முடியும்.

அட்டையில் ஒரு கட்டத்தை மாற்றினோம். செபத்துக்குக் குறி போடுமுன் உணர்ச்சிக்கு மதிப்பெண் போட வேண்டும். செபத்துக்குப் பின் என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவரது முதல் நேர்மையான அட்டையில் கோபம் நான்கு. அதைக் காட்டும்போது பரீட்சையில் தோற்றவர் போல நின்றார். சிஸ்டர் கைதட்டினார்.

மாணவரும் இஞ்ஞாசியாரும்

அந்த 'முதலிலிருந்து தொடங்குவது' மாணவருக்கு நன்றாகத் தெரிந்த ஊர். வாரத்தில் பலமுறை பாவசங்கீர்த்தனம், ஒரு பங்கில் முடித்துவிட்டு அடுத்த பங்கு, சொன்னதைச் சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகத்தில் மீண்டும். நற்கருணை வாங்கப் பயம். இது ஓசிடி, அதாவது விடாமல் வரும் எண்ணத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய், பாவ அச்சத்தின் வடிவில் வருவது. டிபிடி குழு இதற்கு முதன்மைச் சிகிச்சை அல்ல. பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் தாங்கும் பயிற்சியைத் தனி ஆலோசகர் கொடுத்தார். அந்த நேரத்தில் எழும் பதற்றத்தைத் தாங்கக் குழு கைகொடுத்தது.

இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் இதே பாதையில் நடந்தவர். 1521இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மனம் மாறி, மன்ரேசாவில் தங்கியிருந்த காலத்தில் பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் நிம்மதியில்லை. மிகத் தெளிவாகத் தெரிந்ததை மட்டும் சொல் என்றார் ஆன்ம குரு. இவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! தற்கொலை எண்ணம் வரை போனார். ஒரு வாரம் உண்ணாமல் இருந்தபோது குருதான் தடுத்தார். பிற்பாடு அவர் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இந்தப் பாவ அச்சத்துக்கென்றே தனிக் குறிப்புகள் உண்டு. குழுவில் இந்தக் கதையைப் படித்தபோது, "எல்லாமே தெளிவாத் தெரியுது" என்ற இடத்தில் மாணவர் முதல் முறையாகச் சத்தமாகச் சிரித்தார். ஆலோசகர் ஒருவர் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

ஒரே குருவிடம், முன்கூட்டி ஒத்துக்கொண்ட இடைவெளியில் மட்டும் என்று மாணவரே தன் ஆன்ம குருவோடு பேசி முடிவெடுத்தார். அந்தப் பேச்சில் நாங்கள் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக் கூடாது என்ற முத்திரை மீற முடியாதது. அங்கே என்ன நடந்தது என்று குருவிடமும் கேட்பதில்லை, குழுவிலும் கேட்பதில்லை. பாவமா இல்லையா என்று என்னிடம் கேட்டால் பதில் சொல்வதும் இல்லை. 'பாவமில்லை' என்று உறுதி சொல்லித் தேற்றுவது இந்த நோய்க்குத் தீனி.

மூச்சும் குளிர்ந்த நீரும்

இளம்பெண்ணுக்கு மிகவும் பயன்பட்டது மூச்சு. நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்று மெதுவாக்கி, வெளிமூச்சை நீட்டுவது டிபிடியில் அவசர நேரத் திறன்களில் ஒன்று. இஞ்ஞாசியாரின் மூன்றாவது செப முறையும் மூச்சின் தாளத்தில் நடப்பது: ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே 'எங்கள் தந்தையே' செபத்தின் ஒரு சொல், அடுத்த மூச்சுக்கு அடுத்த சொல். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சிறிய ஆய்வு, லத்தீனில் மரியன்னை செபம் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைவதைப் பதிவு செய்தது. 23 ஆரோக்கியமான பெரியவர்களிடம் செய்தது. இதை வைத்துச் செபமாலை மருந்து என்று யாராவது பேசினால் நிறுத்திவிடுவேன்.

குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தி இதயத் துடிப்பைத் தணிப்பது இன்னொன்று. இதய நோயோ உணவுக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அதனால் பெரியவரும் இளம்பெண்ணும் செய்யவில்லை. தீர்த்தத்தில் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். எல்லாத் திறனுக்கும் ஒரு வசனத்தை ஒட்டினால் திறனும் கெடும், வசனமும் மலிவாகும்.

பெரியவரின் "ஆண்டவர் சித்தம்"

உள்ளதை உள்ளபடி முழுமையாக ஏற்பது டிபிடியின் கடினமான பாடம். பெரியவர் அதை முதல் நாளே முடித்துவிட்டதாக நினைத்தார். மனைவி போனதைப் பற்றி யார் கேட்டாலும் "ஆண்டவர் சித்தம்." குரல் சமமாக இருக்கும். ஆனால் அவள் அலமாரியை ஒரு வருடமாகத் திறக்கவில்லை, திருப்பலியில் கல்லறைப் பாட்டு வந்தால் வெளியே போய்விடுவார்.

இயேசு கைதாகும் முன் கெத்சமனித் தோட்டத்தில் செபித்த பகுதியை வரிசையாகப் படித்தோம். மத்தேயுவில் இயேசு முதலில் தம் துயரத்தைச் சீடர்களிடம் சொல்கிறார். பிறகு முகங்குப்புற விழுந்து, துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்கிறார். 'உம் விருப்பப்படி' என்பது அந்தக் கேட்பின் பிறகே வருகிறது, அதுவும் மூன்று முறை போய்ச் செபிக்கிறார். பெரியவர் மூன்றாவது வரியிலிருந்தே தொடங்கியிருந்தார். வீட்டுப்பாடமாகத் திருப்பாடல் 88 கொடுத்தோம். புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பும். இது இருளிலேயே முடியும். அடுத்த வாரம் வந்தவர், "இப்படி ஒண்ணு பைபிள்ல இருக்கா? இத்தனை வருஷம் பூசை கண்டும் காதுல விழலையே" என்றார். பிறகு, மருத்துவமனையில் அந்தக் கடைசி இரவு கடவுளிடம் என்ன சொல்லத் தோன்றியது என்பதைச் சொன்னார். அது இங்கே வேண்டாம். அந்த மாதம் அவர் அட்டையில் துக்கத்தின் மதிப்பெண் ஏறியது. இந்த ஏற்றத்தை முன்னேற்றமாகவே குறித்தோம். தூக்கமும் அதற்குப் பிறகுதான் மெல்லத் திரும்பியது.

சிஸ்டரும் கீழ்ப்படிதலும்

தன் தேவையைத் தெளிவாகக் கேட்கும் பாடத்தில் சிஸ்டர் நின்றுவிட்டார். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர் எப்படிக் கேட்பது? அதற்குள் அவருடைய இல்லத் தலைவி எனக்குப் போன் செய்து, "சிஸ்டர் என்ன பேசுறாங்கன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க" என்றார். நல்லெண்ணம்தான், கட்டணம் செலுத்துவதும் சபைதான். கொடுக்கவில்லை. வருகைப் பதிவு மட்டும், அதுவும் சிஸ்டரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு. திருச்சபைச் சட்டமே இங்கே துணைக்கு வருகிறது: தலைவர்கள் எந்த வகையிலும் உறுப்பினர்களைத் தம் மனச்சான்றைத் திறந்துகாட்டத் தூண்டக் கூடாது என்கிறது 630ஆம் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. அந்த எண்ணைச் சொன்னதும் போனில் குரல் மாறியது.

14ஆம் நூற்றாண்டுப் புனிதை சியன்னா கத்தரினம்மாள் திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரிக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசினோம். திருத்தந்தையர் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரை விட்டு உரோமைக்குத் திரும்பும்படி தயங்காமல் வற்புறுத்தினார், பணிவும் குறையவில்லை. 1377இல் திருத்தந்தை திரும்பினார். சிஸ்டர் கேட்க வேண்டியிருந்ததோ வாரத்தில் ஓர் இரவு விடுதிப் பொறுப்பிலிருந்து விடுப்பு, அவ்வளவே. நிலைமையைச் சொல்வது, உணர்வைச் சொல்வது, வேண்டியதை நேராகக் கேட்பது, கிடைத்தால் என்ன நன்மை என்று சொல்வது என்ற வரிசையில் பெரியவரைத் தலைவியாக உட்காரவைத்துப் பலமுறை ஒத்திகை பார்த்தார். பெரியவர் தலைவி வேடத்தில் காட்டிய கண்டிப்பு தனிக் கட்டுரைக்குரியது. விடுப்பு கிடைத்தது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

தவக்காலம்

சுற்றின் நடுவில் தவக்காலம் வந்தது. உணர்ச்சி இழுக்கும் திசைக்கு எதிராகச் செயல்படு என்ற திறனை அப்போதுதான் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஆன்ம வறட்சியில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே, வறட்சிக்கு எதிராக உன்னைத் திருப்பு, செபத்தையும், தன்னை வருத்திச் செய்யும் தவமான ஒறுத்தலையும் கூட்டு என்ற இஞ்ஞாசியாரின் விதிகளோடு இது அழகாகப் பொருந்துகிறது. ஒறுத்தலைக் கூட்டு என்ற இடத்தில்தான் ஆபத்து. மனச்சோர்வில் இருப்பவர் ஒறுத்தலைக் கூட்டினால் நோய் கூடும். உணவுக் கோளாறு உள்ளவருக்கு நோன்பு, நோய் தேடிக்கொண்டிருந்த அனுமதி. நோயாளிகளை நோன்பு கட்டுப்படுத்தாது என்று அவருடைய பங்குத் தந்தையே நேரில் சொன்னார். அந்தப் பெண்ணின் எதிர்ச்செயல், பெரிய வெள்ளியன்று மூன்று வேளையும் சாப்பிட்டது. அவருக்கு அது எவ்வளவு கடினமான ஒறுத்தல் என்று குழுவுக்குப் புரிந்தது.

சுற்று முடிந்தபோது

ஆறு பேர் முடித்தார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாததால், மாற்றம் டிபிடியாலா, நம்பிக்கையாலா, வாரா வாரம் ஆறு பேர் காத்திருந்ததாலா என்று பிரிக்க வழியில்லை. மாணவர் மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் நிற்கிறார். ஓசிடி சிகிச்சை தொடர்கிறது. இளம்பெண் இன்னொரு சுற்றுக்குப் பதிவு செய்திருக்கிறார். ஆறாமவருக்கு அதிக மாற்றம் தெரியவில்லை. அவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினோம்.

நடைமுறையில் ஒன்றை மாற்றுகிறோம். இதுவரை கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு திருப்பாடலும் முடிவில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் செபிப்பதும் இருந்தன. முடிவுச் செபம் இனி இல்லை. "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்கு மன்னிக்கிற மனசைக் கொடும்" என்று ஒருவர் செபித்தால், அது செபத்தின் உடையில் வரும் அறிவுரை; பதில் சொல்லவும் முடியாது. ஆசிரியைக்காக அப்படித்தான் ஒருமுறை செபிக்கப்பட்டது. அண்ணனிடம், ஏளனமாகப் பேசினால் போனை வைத்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், இரண்டு முறை வைத்தும் இருக்கிறார். மன்னித்துவிட்டேனா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை என்கிறார். அதைத் தன் ஆன்ம குருவிடம் கொண்டுபோயிருக்கிறார். தனி ஆலோசனையில் நாங்கள் பேசுவது அடுத்த போன் அழைப்பைப் பற்றி.